வறட்டு இருமலுக்கும் சளி இருமலுக்கும் ஒரே சிரப் போதுமா?

செந்தூல்வாசி:
கோலாலம்பூரில் என்னுடன் இருக்கும் அம்மாவுக்கு (வயது 67) மூன்று வாரங்களாக இருமல். சளி வருவதில்லை. தொண்டையில் ஏதோ அரிப்பது போல இருக்கிறது என்கிறார். படுத்தால் இன்னும் மோசமாகிறது. அப்பாவின் சளி இருமலுக்கு வாங்கிய புரோம்ஹெக்சின் சிரப் வீட்டில் பாதிப் போத்தல் இருந்தது. அதை ஐந்து நாள் கொடுத்தும் பயனில்லை. நேற்று பார்மசியில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் சிரப் வாங்கி வந்தேன், இன்னும் திறக்கவில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா? அம்மாவுக்கு இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் உண்டு.

பினாங்கு மருந்தாளர்:
சேர்க்க வேண்டாம். புரோம்ஹெக்சின் கெட்டிச் சளியை இளக்கி வெளியேற்ற உதவுவது. சளியே இல்லாதவருக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனோ மூளையில் இருமலைத் தூண்டும் மையத்தை மந்தப்படுத்துகிறது. ஆகவே வறட்டு இருமலுக்கு ஏற்றது அதுதான். நெஞ்சில் சளி கட்டியிருப்பவருக்கு அதைக் கொடுத்தால், இருமி வெளியே வர வேண்டியது உள்ளேயே தங்கிவிடும். சில வகை மனச்சோர்வு மாத்திரைகளோடும் அது ஒத்துப்போகாது.

டைஃபென்ஹைட்ரமின் உள்ள சிரப்பும் வறட்டு இருமலுக்குக் கொடுக்கப்படுவதுண்டு. ஆனால் அது தரும் தூக்கக் கலக்கத்தில் முதியவர்கள் இரவில் எழுந்து தடுமாறி விழுவதால், இந்த வயதில் நான் அதைத் தவிர்ப்பேன். மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் கலந்தவை இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும். இனிப்புநீர் உள்ளவருக்குச் சர்க்கரை சேர்க்காத சிரப் கேளுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அம்மா சாப்பிடும் இரத்த அழுத்த மாத்திரையின் பெயர் என்ன?

பாயான் லெப்பாஸ் பாட்டி:
என் பேரப்பிள்ளைகளுக்குக் கற்பூரவல்லிச் சாற்றில் தேன் கலந்து கொடுப்பேன், தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. உங்கள் அம்மாவுக்கும் இனிப்புநீர் இருப்பதால் யோசித்துக் கொடுங்கள்.

செந்தூல்வாசி:
மாத்திரைப் பையைப் பார்த்தேன். பெரிண்டோப்ரில், இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அரசாங்கக் கிளினிக்கில் தொடங்கினார்கள்.

பினாங்கு மருந்தாளர்:
அப்படியானால் பெரும்பாலும் அதுதான் காரணம். எனலாப்ரில், லிசினோப்ரில் உட்பட அந்த வகை மாத்திரைகள் பிராடிகினின் என்னும் பொருளை உடலில் சேரவிடுவதால் சிலருக்கு இப்படித் தொண்டை அரித்து வறட்டு இருமல் வருகிறது. எந்தச் சிரப்பாலும் அது அடங்காது. என்றாலும் மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். இருமல் போய் அழுத்தம் ஏறினால் அது பெரிய வம்பு. மருத்துவரிடம் சொன்னால் லோசார்டான் போன்ற வேறு வகைக்கு மாற்றுவார். மாற்றியதும் மறுநாளே நிற்காது. ஒன்று முதல் நான்கு வாரங்கள் ஆகலாம், சிலருக்கு அதற்கு மேலும் இழுக்கும். இரண்டு வாரங்களைத் தாண்டிய இருமல் என்பதால் காசநோய்க்கான பரிசோதனையையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

செந்தூல்வாசி:
நாளைக் காலையிலேயே அழைத்துப் போகிறேன். நேற்று வாங்கிய போத்தல் திறக்காமலேயே இருக்கட்டும்.