மே 2-ஆ, ஆகஸ்ட் 2-ஆ? ஈராக் பாக்கி

தேவகோட்டைக்காரன்:
1990 குவைத் போரில் வேலை நின்றுபோன ஒப்பந்தக்காரர்களுக்கெல்லாம் ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் முழுதாகக் கொடுத்துவிட்டது என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ஐ.நா. பாதுகாப்பு சபையின் 687ஆம் தீர்மானத்தின் 16ஆம் பத்தியைப் பாருங்கள். ஈராக் குவைத்துக்குள் புகுந்த 1990 ஆகஸ்ட் 2-க்கு முன் ஏற்பட்ட ஈராக்கின் கடன் இந்த இழப்பீட்டில் சேராது. பழைய பில் எல்லாம் போச்சு.

கோட்டையூர் கணக்கர்:
எழுதியது நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாமே. ஈராக்கில் சைட் கணக்குப் பார்த்தவன் நான். தேதி மே 2, தம்பி. கோரிக்கைகளை விசாரித்த ஆணையத்தின் நடுவர் குழு மூன்று மாதம் பின்னால் போய்க் கோடு போட்டது. அதற்கு முன் செய்த வேலைக்கான பாக்கிதான் பழைய கடன்.

தேவகோட்டைக்காரன்:
பத்தியில் இருப்பது ஆகஸ்ட் 2. மே எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

கோட்டையூர் கணக்கர்:
பில் தேதியைப் பார்க்கக் கூடாது, வேலை நடந்த தேதியைப் பார்க்க வேண்டும். இரானோடு எட்டு வருஷம் சண்டை போட்ட ஈராக்கிடம் கையில் காசில்லை, பாக்கியைத் தள்ளிக்கொண்டே போனது. தவணை ஆகஸ்டுக்குப் பிறகு வந்தாலும், வேலை ஏப்ரலில் நடந்திருந்தால் கோரிக்கை தள்ளுபடி. மே 2.

பள்ளத்தூர் பேரன்:
அண்ணே, அந்தப் பத்தி ஈராக் அரசு வைத்த கடனுக்குத்தானே? குவைத்தில் நடந்த வேலைக்கு அந்தத் தேதியே பொருந்தாது. எங்கள் அப்பச்சி குவைத்தில் மின்வேலை பார்த்தார். ஷுவைபா வடக்கு மின் நிலையமே நாசமானது. அதையும் இதையும் ஏன் கலக்கிறீர்கள்?

கோட்டையூர் கணக்கர்:
குவைத் பேச்சு இப்போது எதற்கு? தேதியைப் பேசுவோம்.

தேவகோட்டைக்காரன்:
சரி, 'முழுதாக' என்றீர்களே? எல்லோருமாகக் கேட்டது சுமார் 352 பில்லியன் டாலர், ஒப்புக்கொண்டது 52.4 பில்லியன். இதுதான் முழுதா?

கோட்டையூர் கணக்கர்:
மே 2-க்குப் பின் வேலை செய்து, அதற்குச் சான்றும் வைத்திருந்தவன் வாங்கினான். எங்கள் கம்பெனி, செய்த வேலையைக் குறித்து வைத்த அளவுப் புத்தகத்தைச் சைட்டிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தது. எடுத்து வாருங்கள் என்று நான் கெஞ்சினேன். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. எனக்கே தேதி சொல்லித் தருகிறீர்களா?

தேவகோட்டைக்காரன்:
எங்கள் ஐயா 1942-ல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர். பர்மா அரசு நிலத்தை எடுத்துக்கொண்ட 1948 சட்டத்தில் அங்கிருந்த வயலும் போனது. போரில் இழப்பது என்றால் என்னவென்று எங்கள் வீட்டுக்கும் தெரியும்.

கோட்டையூர் கணக்கர்:
பர்மாவில் விட்டது உங்கள் வீடு மட்டுமா? எங்கள் பெட்டியடியும் (வட்டிக்கடை) அங்கேதான் போனது. தேவகோட்டைக்காரர்கள் எதற்கெடுத்தாலும் பர்மாவை இழுப்பீர்கள்.

பள்ளத்தூர் பேரன்:
ஊரை ஏன் இழுக்கிறீர்கள்? கடைசித் தவணையே 2022 ஜனவரியில் குவைத் பெட்ரோலியக் கழகத்துக்குத்தான் போனது. குவைத்தை விட்டுவிட்டு என்ன கணக்கு இது?

கோட்டையூர் கணக்கர்:
எத்தனை தடவை கேட்டாலும் மே 2.

தேவகோட்டைக்காரன்:
ஆகஸ்ட் 2. பத்தியைப் படியுங்கள்.