பீர் தெளிய மீன் நெட்டியா, பிவிபிபி பொடியா?

மாடிப்பீப்பாய்: லீட்ஸில் வீட்டிலேயே 20 லிட்டர் ஏல் வகை பீர் போட்டேன். ஈஸ்ட் படிந்து நன்றாகத் தெளிந்துவிட்டது. ஆனால் ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்தால் அரிசி களைந்த தண்ணீர் போல மங்குகிறது. வெளியே எடுத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் தானாகத் தெளிகிறது. கடைக்காரர் பிவிபிபி என்ற தெளியவைக்கும் பொடியைப் போடச் சொல்கிறார். அது பிளாஸ்டிக் வகை என்பதால் மனம் ஒப்பவில்லை. மீனிலிருந்து எடுக்கிற ஐசிங்கிளாஸ் போடட்டுமா?

பழையமுறை: தாராளமாகப் போடுங்கள். பாம்பன் பக்கம் கூறல் மீனில் நெட்டி என்று தனியாக எடுப்பார்களே, அந்தக் காற்றுப்பைதான் ஐசிங்கிளாஸ். இங்கிலாந்தில் பீப்பாயிலிருந்தே ஊற்றிக் கொடுக்கும் கேஸ்க் ஏல் காலங்காலமாக அதில்தான் தெளிகிறது. போர்தோவில் 225 லிட்டர் ஒயின் பீப்பாய்க்கு நாலைந்து முட்டையின் வெள்ளைக்கரு போதும். எல்லாமே மனிதன் சாப்பிட்டுப் பழகியவை. ஆலையில் செய்த பாலிமரை எதற்குக் குடிக்கிறதில் கொட்ட வேண்டும்?

கசடு: அண்ணே, அவருடைய சிக்கலே வேறு. ஐசிங்கிளாஸ் நேர்மின்னூட்டம் கொண்டது, எதிர்மின்னூட்டமுள்ள ஈஸ்டை இழுத்துக்கொண்டு அடியில் படியும். அவருக்கு ஈஸ்ட் ஏற்கெனவே படிந்துவிட்டது. குளிரில் மட்டும் வரும் மங்கல், தானியப் புரதமும் பாலிஃபீனால் என்ற துவர்ப்புப் பொருளும் ஒன்றோடொன்று ஒட்டுவதால் வருவது. பிவிபிபி அந்தப் பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும். பீரில் கரையவே கரையாது, வடிகட்டினால் போய்விடும்.

பழையமுறை: வடிகட்டி இருக்கிற ஆலைக்கு அது சரி. வீட்டில் குழாய் வைத்து இறக்குகிறவர் என்ன செய்வார்? நானே ஒருமுறை அவசரப்பட்டு இறக்கி, கடைசி நாலு பாட்டிலில் வெள்ளைத் துகள் மிதந்தது. கொட்டிவிட்டேன்.

நித்யா_லண்டன்: எங்கள் வீட்டில் எல்லோரும் சைவம். ஐரோப்பிய விதிப்படி ஒயினில் முட்டை, பால் மிச்சமிருந்தால் 2012 முதல் லேபிளில் சொல்லியாக வேண்டும். ஐசிங்கிளாஸுக்கு அதில் விலக்கு. மீன் பட்ட பீர் என்று தெரியாமலே பல வருடம் குடித்திருக்கிறேன். அது தெரிந்த அன்று எனக்கு உண்மையாகவே வலித்தது. கின்னஸ் 2015இல் ஐசிங்கிளாஸைக் கைவிடப் போவதாக அறிவித்தபோதுதான் நிம்மதி. இயற்கையானது என்று சொன்னால் மட்டும் போதாது, எந்த உயிரிடமிருந்து வந்தது என்றும் சொல்லுங்கள்.

பழையமுறை: நீங்கள் சொல்வது நியாயம்மா. லேபிளில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இயற்கை என்றாலே மீன், முட்டை என்றில்லை. ஒயினில் புரதத்தை எடுக்கும் பென்டோனைட் வெறும் களிமண். நம் ஊரில் குடத்தின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரசிக் கலங்கல் தண்ணீரைத் தெளியவைத்தார்களே, அதுவும் விதைதான்.

மாடிப்பீப்பாய்: பத்து நாளுக்கு முன் 5 லிட்டர் ஜாடி இரண்டில் பிரித்துப் போட்டேன். ஐசிங்கிளாஸ் ஜாடி ஃபிரிட்ஜில் பழையபடியே மங்குகிறது. பிவிபிபி ஜாடி பளிச்சென்று இருக்கிறது, அடியில் இரண்டு அங்குலத்தைத் தொடாமல் விட்டேன். கசடு சொன்னதுதான் சரி.

பழையமுறை: சரி, மங்கல் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அடுத்த தடவை பீருக்கான தானியச் சாறு கொதித்து முடியப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது ஐரிஷ் பாசி என்ற கடற்பாசியைப் போட்டுப் பாருங்கள். புரதத்தை அங்கேயே திரட்டிவிடும். நித்யாவும் குடிக்கலாம்.