கலைச்சொல் இழை: ஒரே பாட்டால் உச்சம் தொட்டவரை எப்படிச் சொல்வது?

அன்புள்ள நண்பர்களுக்கு,

'ஒன் ஹிட் ஒண்டர்' என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டு இந்த இழை தொடங்கி நான்கு நாளாகிறது. இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: ஒற்றை வெற்றி வியப்பு, தனிப்பாட்டுப் புகழர், ஒருபாட்டார். மூன்றையும் வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஒற்றை வெற்றி வியப்பு: நேர்ப் பெயர்ப்பு, எல்லோருக்கும் உடனே புரியும்.

புரியும், சரி. ஆனால் 'வியப்பு' என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. இவருக்குப் போய் வெற்றி கிடைத்ததே என்று வியப்பது போல ஒலிக்கிறது. மேலும் 'ஒற்றை' என்பதைத் தனியாக வெளியிடும் பாட்டுக்கு, அதாவது 'சிங்கிள்' என்பதற்கு, வைத்துக்கொள்வது நல்லது. 'தனிப்பாட்டு' அதைவிடச் சிக்கல். தனிப்பாடல் திரட்டு ஒரு பக்கம், சினிமாவில் சேராத பாட்டு இன்னொரு பக்கம் என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது.

> ஒருபாட்டார்: செம்புலப் பெயனீரார், கல்பொரு சிறுநுரையார் போலப் பாட்டாலேயே பெயர் பெற்றவர்கள் நம்மிடம் உண்டே.

இந்த மடலைப் படித்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். குறுந்தொகையில் அப்படி எத்தனை பேர்! ஆனால் நாஞ்சில் நாட்டு நண்பர் சொன்னது போல, அங்கே பாட்டா என்றால் தாத்தா. அது சிறிய தடைதான். பெரிய தடை வேறு. செம்புலப் பெயனீராருக்கு அந்தப் பாட்டைத் தவிர வேறெதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. நாம் பேசும் இசைக்காரர்கள் நிலை அதுவல்ல.

கியூ சகாமோட்டோவை எடுத்துக்கொள்வோம். கண்ணீர் கீழே விழாமலிருக்க நிமிர்ந்து பார்த்தபடி நடக்கிறேன் என்று ஜப்பானிய மொழியில் பாடினார். 1961இல் ஜப்பானில் வந்த அந்தப் பாட்டு 1963 ஜூனில் அமெரிக்கப் பாடல் வரிசைப் பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. அங்கே அது வெளியான பெயர் 'சுகியாகி'. அது மாட்டிறைச்சி போட்டுக் கொதிக்கவைக்கும் ஒரு ஜப்பானியச் சாப்பாடு. பாட்டுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, ஆங்கிலம் பேசுபவர் வாயில் எளிதாக நுழையும் என்பதற்காக வைத்தார்கள். அழுகையை அடக்கிக்கொண்டு நடக்கும் ஒருவனின் பாட்டுக்கு இப்படி ஒரு பெயர் வைத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. அவருடைய அடுத்த பாட்டு அமெரிக்காவில் முதல் ஐம்பதுக்குள்கூட வரவில்லை. ஆனால் 1985இல் விமான விபத்தில் இறக்கும்வரை அவர் ஜப்பானில் வீட்டுக்கு வீடு தெரிந்த பாடகர்.

'மக்கரேனா' பாடிய லோஸ் டெல் ரியோ இருவரும் அப்படித்தான். 1960களிலிருந்து ஸ்பெயினில் சேர்ந்து பாடிவந்தவர்கள். 1996இல் அந்தப் பாட்டின் மறுகலவை (ரீமிக்ஸ்) அமெரிக்காவில் 14 வாரம் முதலிடத்தில் நின்றது. அப்புறம் வேறெந்தப் பாட்டாலும் அவர்கள் அந்தப் பட்டியலின் முதல் 40 இடங்களுக்குள் வரவில்லை. அவர்கள் பாடுவதை நிறுத்திவிடவில்லை, அந்தப் பட்டியல்தான் அவர்களைப் பார்ப்பதை நிறுத்தியது.

கணக்கு எப்படி என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பொதுவாக, பில்போர்டு இதழின் பாடல் பட்டியலில் முதல் 40 இடங்களுக்குள் ஒரே ஒருமுறை வந்தவரை இப்படிச் சொல்வார்கள். அதன்படி ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் இந்த வகைதான்! 1968இல் ஒரே ஒரு பாட்டு, அதுவும் 20ஆம் இடம். மின்கிடாரின் போக்கையே மாற்றிய ஒருவரை 'வியப்பு' என்ற சொல்லுக்குள் அடைக்க எனக்கு மனம் வரவில்லை. பிரிட்டனின் பட்டியல் நூல்கள் வைத்த அளவுகோலோ வேறு: முதலிடம் ஒருமுறை, அதன்பின் பட்டியலில் எங்குமே இல்லை. ஆக, இந்தச் சொல் ஒருவரின் திறமையைச் சொல்வதில்லை. ஓர் ஊரில் ஒருமுறை என்ன நடந்தது என்பதைத்தான் சொல்கிறது.

ஆகவே என் பரிந்துரை: ஒருபோகம், வயலில் ஆண்டுக்கு ஒரே விளைச்சல் என்போமே, அதுதான். ஒருபோகப் பாடகர், ஒருபோகக் குழு.

நான் கடைமடைக்காரன், பாசனத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பக்கம். தண்ணீர் முதலில் பாயும் தலைமடையில் குறுவை நெல்லை எடுத்துவிட்டுத் தாளடியும் நடுவார்கள். எங்கள் பக்கம் சம்பா மட்டும்தான். மண் மட்டமானது என்று யாரும் சொன்னதில்லை, தண்ணீர் வந்து சேரவில்லை அவ்வளவுதான். ஸ்பெயினில் முப்போகம் விளைந்தவர்கள் அமெரிக்காவில் ஒருபோகம் ஆனதும் அதே கதை. சொல் புதிதும் அல்ல, பத்திரப் பதிவிலிருந்து டீக்கடை வரை புழங்குவது.

அன்புடன்.

—

வணக்கம் ஐயா,

சொல் அழகாக இருக்கிறது. இரண்டு ஐயங்கள். ஒன்று, ஒருபோக நிலம் ஆண்டுதோறும் விளையும். இவர்களுக்கு வாழ்நாளிலேயே ஒருமுறைதானே? இரண்டு, நார்மன் கிரீன்பாமின் 'ஸ்பிரிட் இன் தி ஸ்கை' 1970இல் பிரிட்டனில் முதலிடம். அதே பாட்டு வேறு ஆட்கள் பாடி 1986இலும் 2003இலும் மறுபடி முதலிடம். அப்படியானால் அது முப்போகம் இல்லையா? கூடுதல் செய்தி: கிரீன்பாம் கலிஃபோர்னியாவில் பால் பண்ணை வைத்திருந்தவர். உங்கள் சொல்லுக்குப் பொருத்தமான ஆள்.

—

அம்மா, நன்றி. பால் பண்ணைச் செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் உவமையை அதுதான் தெளிவாக்கியது. பாட்டு விதை, பாடுபவர் நிலம். ஒரே விதையை மூன்று பேர் விதைத்தார்கள், மூன்று வயலும் விளைந்தன. சகாமோட்டோவின் பாட்டும் அப்படியே: எ டேஸ்ட் ஆஃப் ஹனி குழு 1981இல் ஆங்கிலத்தில் பாடி அமெரிக்காவில் மூன்றாம் இடம் வரை கொண்டுபோனது. எனவே 'ஒருபோகப் பாட்டு' என்று எழுதக் கூடாது. பாடகர், குழு, கலைஞர் ஆகியவற்றோடு மட்டுமே சேர்க்க வேண்டும். நீங்கள் கேட்டிராவிட்டால் நான் இதைத் தவறவிட்டிருப்பேன்.

முதல் ஐயம் நியாயமானது, அதற்கு முழு விடை என்னிடம் இல்லை. ஆனால் மென்பொருளை யாரும் தொட்டுப் பார்த்து மென்மை சோதிப்பதில்லை. கலைச்சொல்லில் உவமை பொருளின் ஒரு பக்கத்தைப் பிடித்தால் போதும் என்று நினைக்கிறேன். இங்கே அது எண்ணிக்கையையும் இடத்தையும் பிடிக்கிறது, ஆளைத் தாழ்த்தவும் இல்லை. எழுத்தாளர், விளையாட்டு வீரர் என்று நீட்டிக்கவும் வழி இருக்கிறது, அதைப் பிறகு பார்ப்போம்.

சொற்பட்டியலுக்கான வரைவு கீழே. வேறு தடை இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், சேர்த்துவிடுகிறேன்.

ஒருபோகம் (இசை): ஒரு நாட்டின் பாடல் வரிசைப் பட்டியலில் ஒரு பாடகரோ குழுவோ ஒரே ஒரு பாட்டால் மட்டும் உயர்ந்த இடம் பெறுவது. எந்த நாடு என்பதைச் சேர்த்தே எழுதுக. எ.கா.: சகாமோட்டோ அமெரிக்காவில் ஒருபோகப் பாடகர், ஜப்பானில் அல்ல.