புதுப்பிப்பு: மீன்பிடி கயாக்கிற்குத் துடுப்பும் இரைத் தொட்டியும்

கலிபோர்னியாவின் சான் டியாகோ பக்கம் லா ஹோயா கடலில் உயிருள்ள கானாங்கெளுத்தியை இரையாகப் போட்டு யெல்லோடெயில் என்ற பெரிய மீனைப் பிடிக்க, 34 அங்குல அகலக் கயாக்கிற்கு (துடுப்பால் வலிக்கும் சிறு படகு) எந்தத் துடுப்பு, இரை மீனை உயிரோடு வைக்க எவ்வளவு பெரிய தொட்டி என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, இரண்டையும் வாங்கிவிட்டேன்.

துடுப்பு 250 செ.மீ. இந்த அகலத்தில், அதுவும் உயரமான இருக்கையில் உட்கார்ந்து 230 போட்டால் ஒவ்வொரு வலிப்பிலும் கை கயாக்கின் ஓரத்தில் இடிக்கும். தண்டு கார்பன், பிளேடு (தண்ணீரைத் தள்ளும் தட்டைப் பகுதி) நைலான். முழுக் கார்பன் இன்னும் லேசு என்பது உண்மைதான், ஆனால் பாறையில் மோதினால் அதன் விளிம்பு சில்லு தெறிக்கும், நைலான் தாங்கும். துடுப்பைக் கயாக்கோடு கயிற்றால் கட்டாமல் கடலில் இறங்காதீர்கள்.

தொட்டியில்தான் நிறைய யோசித்தேன். 30 லிட்டர் கடல்நீரே கிட்டத்தட்ட 31 கிலோ, அது இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தால் கயாக்கின் பின்பக்கம் அமிழ்ந்து வேகம் போய்விடும், அதனால் 20 லிட்டரே போதும் என்று முடிவு செய்தேன். மூலைகள் வளைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கானாங்கெளுத்தி மூலையில் முட்டி முட்டியே சோர்ந்துவிடும். காற்றுக் குமிழி மட்டும் இந்த மீனுக்குப் போதாது, பம்பு புதுத் தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1 ஆம்பியர் இழுக்கும் பம்புக்கு 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு காலைப் பொழுதுக்குத் தாராளம்.

அப்புறம், கரையேறும்போது அலை உடையும் இடத்துக்கு முன்பே தொட்டியைக் காலி செய்துவிடுங்கள். தளும்பும் தண்ணீர் கயாக்கைக் கவிழ்த்துவிடும்.