செம்மரத்தைக் காக்க ஆளைச் சுடலாமா?

சித்தூர்க்காரன்:
2015 ஏப்ரல் 7 விடியற்காலை, சந்திரகிரி பக்கம் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 பேரை ஆந்திர அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. எல்லாரும் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்துக்காரர்கள். இன்றுவரை நம்மவர்கள் போலீசைத் திட்டுவதோடு பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். நான் சித்தூரில் பிறந்த தமிழன், எனக்கு அதில் உடன்பாடில்லை. செம்மரம் இயற்கையாக வளர்வது கிழக்கு மலைத்தொடரின் இந்தத் தென்கோடியில்தான். கடப்பை, சித்தூர், நெல்லூர், அதை ஒட்டிய காடுகளை விட்டால் வேறு போக்கிடம் அதற்கு இல்லை. வைரம் பாய ஒரு தலைமுறை ஆகிறது, சாய்க்க ஒரு ராத்திரி போதும். 2013 டிசம்பரில் வனத்துறை ஊழியர்கள் இரண்டு பேரை இதே காட்டில் கடத்தல் கும்பல் அடித்தே கொன்றது. அவர்களுக்காக நம் ஊரில் ஒரு போஸ்டர்கூட நான் பார்க்கவில்லை. கோர்ட்டு, ஜாமீன், வாய்தா என்று இழுத்துக்கொண்டிருந்தால் காட்டில் அடிமரம்தான் மிஞ்சும். காடு பிழைக்க வேண்டுமானால் சுட்டது சரி.

திருத்தணி வக்கீல்:
அண்ணே, அந்த இரண்டு பேரைக் கொன்றவர்களுக்குச் சட்டத்தில் உள்ள பெரிய தண்டனையே கிடைக்கட்டும். ஆனால் சுடப்பட்ட 20 பேரில் அந்தக் கொலையைச் செய்தவர் யார் என்று எந்தக் கோர்ட்டிலும் யாரும் காட்டவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். போலீஸ் சொன்னது தற்காப்பு. கல்லெறிந்தார்கள், கோடாரியோடு பாய்ந்தார்கள், அதனால் சுட்டோம் என்றார்கள். தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தில் சொன்னது வேறு. கூட வந்தவர்களை பஸ்சிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்றார்கள். நீங்களோ தற்காப்பு என்று வாதாடவே இல்லை. 'காட்டுக்காகச் சுடலாம்' என்கிறீர்கள். சுட்டவர்களே சொல்லத் துணியாத காரணம் அது. ஒவ்வொரு என்கவுன்டர் சாவுக்கும் எஃப்ஐஆர் போட வேண்டும், தனி அமைப்பு விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணையும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில்தான் சொல்லியிருந்தது. ஏழு மாசம்கூட ஆகவில்லை, அதற்குள் இது.

நகரி தறிவீடு:
வக்கீல் சார், வள்ளுவரே சொல்லியிருக்கார்: "கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்." களை பிடுங்கலைன்னா பயிர் நிக்காது. அரசாங்கத்துக்கு அந்தக் கடமை உண்டு.

ஜமுனாமரத்தூர் டீச்சர்:
அந்தக் குறளையே எடுத்துக்கொள்வோம். கொலையில் கொடியவர்களைத்தான் அவர் சொல்கிறார், கட்டை சுமந்தவனை இல்லை. அது செங்கோன்மை அதிகாரத்தின் கடைசிக் குறள். முதல் குறள் "ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும் தேர்ந்துசெய் வஃதே முறை." விசாரித்து, ஆள் பார்க்காமல், தேர்ந்து செய் என்பது அங்கே ஒன்பது குறளுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. அதைத் தாண்டிக் குதித்துக் களைக்குப் போகாதீர்கள் தம்பி.

நான் ஜவ்வாதுமலைக்காரி. மழை பொய்த்த வருஷம் சாமையும் இல்லை, கூலியும் இல்லை. அப்போதுதான் மரம் வெட்ட ஆள் பிடிக்கும் மேஸ்திரி மலையேறி வருவான். முன்பணம் கொடுப்பான். சிலரிடம் கட்டட வேலை என்பான், சிலரிடம் உண்மையையே சொல்வான். தெரிந்தே போனவர்களும் உண்டு, மறைக்க மாட்டேன். அவர்களைக் கேட்டால் என்ன பதில் வரும் தெரியுமா? "தப்புதான் டீச்சர், ஆனா புள்ளைங்க வயிறு." எனக்கு இதில் உறைப்பது இதுதான். சுட்டவர் காட்டைக் காட்டுகிறார், வெட்டியவர் பிள்ளையைக் காட்டுகிறார். இரண்டு பேர் காட்டுவதும் நல்ல காரியம்தான். நோக்கம் நல்லதென்றால் செய்ததை மன்னிக்கலாம் என்ற கணக்கை சித்தூர்த் தம்பி போலீசுக்குத் திறந்துவிட்டால், மரவெட்டிக்கும் திறந்துதான் ஆக வேண்டும். நான் இரண்டு பேருக்கும் திறக்க மாட்டேன். வெட்டியவனைப் பிடியுங்கள், ஜெயிலில் போடுங்கள், நான் தடுக்க வரவில்லை.

சித்தூர்க்காரன்:
இரண்டும் எப்படி ஒன்றாகும் டீச்சரம்மா? அவன் வெட்டுவது தன் வீட்டுக்கு. காவலர் நிற்பது ஊருக்கு, பிறக்காத பிள்ளைக்கும் சேர்த்து. என் மாமா வனத்துறையில் வாட்சராக இருந்தவர். கையில் தடி, டார்ச், அவ்வளவுதான். எதிரில் முப்பது கோடாரி. அவர் ராத்திரி டியூட்டிக்குப் போனால் அத்தை விடியும்வரை விளக்கை அணைக்க மாட்டார். உட்கார்ந்து தர்மம் பேசுகிறவர்கள் அந்த வீட்டில் ஒரு ராத்திரி இருந்து பார்க்க வேண்டும்.

திருத்தணி வக்கீல்:
உங்கள் மாமா மேல் எனக்கு மரியாதை உண்டு. ஊருக்காக என்றீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். பெரிய கடத்தல் புள்ளி என்று குற்றம்சாட்டப்பட்ட ஒருவர் அதே 2015-இல் மொரீஷியசில் பிடிபட்டார். முறைப்படி மனுப்போட்டு, நவம்பரில் இந்தியாவுக்கு விமானத்தில் கொண்டுவந்து, கோர்ட்டில் நிறுத்தினார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும், அதில் எனக்குக் குறையே இல்லை. மேலே உள்ளவருக்குப் பொறுமையாகக் காத்திருந்த சட்டம் கூலிக்காரனுக்கு ஒரு விடியற்காலைகூடக் காத்திருக்கவில்லையே! காட்டைக் காக்கும் அவசரம் ஆளைப் பார்த்தா வருகிறது?

மரம் வெட்டுவது அதோடு நின்றதா என்றால் அதுவும் இல்லை. தமிழ்நாட்டு ஆட்கள் பிடிபட்ட செய்தி அப்புறமும் வந்துகொண்டேதான் இருந்தது. மேஸ்திரிக்கு அடுத்த வருஷம் அடுத்த ஊர்.

நகரி தறிவீடு:
அது நெசம் சார். இப்ப எங்க கஷ்டத்தையும் கேளுங்க. நாலு ஆம்பளைங்க சேர்ந்து திருப்பதி பக்கம் போய் தமிழ்ல பேசினா ஒரு மாதிரி பாக்கறாங்க, பையைத் திறக்கச் சொல்றாங்க. தறி ஓட்டுறவன் கையும் காய்ச்சுப்போயிதான் இருக்கும். அந்த மேஸ்திரிங்களாலதான் எங்களுக்கும் இந்த நெலமை. களைன்னு நான் சொன்னது அவங்களை மனசுல வச்சுத்தான்.

சித்தூர்க்காரன்:
சரி, நேராகவே கேட்கிறேன். இன்று ராத்திரி அஞ்சு வாட்சர்களை முப்பது பேர் சுற்றி வளைக்கிறார்கள். என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

திருத்தணி வக்கீல்:
உயிர் போகிற நிலை என்றால் சுடலாம். அந்த உரிமையைச் சட்டமே கொடுத்திருக்கிறது. சுட்ட பிறகு, அந்த நிலை இருந்ததா என்று வெளியாள் வந்து விசாரிப்பதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும். உண்மையாகவே தற்காத்துக்கொண்டவருக்கு அந்த விசாரணை பாதுகாப்பு. வாட்சருக்கு வயர்லெஸ், வண்டி, கூட ஆள் வேண்டும் என்று நீங்கள் மனு எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஜமுனாமரத்தூர் டீச்சர்:
மேஸ்திரி முன்பணம் கொடுப்பது தமிழ்நாட்டு மண்ணில். அவனை நம் போலீஸ் இங்கேயே மடக்கினால் சேஷாசலத்துக்கு பஸ் ஏற ஆள் இருக்காது. அந்த மனுவில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சித்தூர்க்காரன்:
மேஸ்திரி விஷயத்தில் டீச்சரம்மா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். மனுவை நானே எழுதுகிறேன். சுட்டது தப்பு என்று மட்டும் என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை. அந்த இரண்டு ஊழியர்களின் வீட்டை நினைத்தால் வாய் வரமாட்டேன் என்கிறது.