நுண்குழாயைக் கலைத்தால் மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தம் ஏன் இறங்குகிறது?

கேள்வி:
முதுகலை ப்ராஜெக்டுக்காக ஹெப்ஜி2 என்ற கல்லீரல் புற்றுநோய்ச் செல்களில், நுண்குழாயைக் கலைக்கும் மருந்தான நோகோடசோலைப் போட்டுப் பார்க்கிறேன். மைட்டோகாண்ட்ரியா ஓடும் தண்டவாளம் நுண்குழாய், அதன் மேல் கைனேசின் என்ற இயக்கப் புரதம் செல்லின் ஓரத்துக்கும் டைனீன் என்ற இன்னொன்று உட்கருப் பக்கத்துக்கும் இழுக்கும் என்று படித்திருக்கிறேன். தண்டவாளம் போனால் ஓட்டம் நிற்கும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஓட்டம் நின்றது. ஆனால் சவ்வின் மின்னழுத்தத்தைக் காட்டும் டி.எம்.ஆர்.எம். சாயத்தின் ஒளியும் மங்கிவிட்டது. மூன்று முறை செய்தும் அதேதான். மருந்தைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. மட்டும் போட்ட செல்களில் மங்கவில்லை. நகராமல் இருப்பதற்கும் சவ்வின் மின்னழுத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

பதில் 1:
நல்ல கேள்வி. தண்டவாளம் உடைந்ததைப் பார்த்தீர்கள், உடைந்து விழுந்த டியூபுலின், அதாவது நுண்குழாயைக் கட்டும் புரதம், எங்கே போனது என்று பார்க்கவில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் வி.டி.ஏ.சி. என்ற துளை இருக்கிறது. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி., அதை உண்டாக்கத் தேவையான மூலப்பொருள்கள் எல்லாம் போய்வருவது அதன் வழியாகத்தான். தனியே திரியும் டியூபுலின், எதிர்மின்னூட்டம் கொண்ட தன் வாலை அந்தத் துளைக்குள் நுழைத்து அடைத்துவிடும். செயற்கைச் சவ்வில் பதித்த வி.டி.ஏ.சி.யை நானோமோலார் அளவு டியூபுலினே அடைப்பதை 2008இல் காட்டினார்கள். எரிபொருள் உள்ளே போவது குறைந்தால் மின்னழுத்தமும் இறங்கும்.

சரி, உங்கள் செல்லில் நடப்பது இதுதானா? பாக்லிடாக்சல் என்ற மருந்தை முதலில் போட்டு நுண்குழாயை உறுதியாக்குங்கள், அப்புறம் நோகோடசோல். மங்கல் வரவில்லை என்றால் டியூபுலின் மேல் சந்தேகம் வலுக்கும். கடைசியில், மின்னழுத்தத்தை அடியோடு இறக்கிவிடும் எஃப்.சி.சி.பி. போட்டு அடிமட்ட ஒளியையும் அளந்துவிடுங்கள். அது இல்லாமல் எந்த டி.எம்.ஆர்.எம். எண்ணையும் நான் நம்ப மாட்டேன்.

பதில் 2:
நுண்குழாய் மட்டுமல்ல, செல்லின் சட்டகத்தில் இன்னொரு இழையான ஆக்டினையும் மறந்துவிடாதீர்கள். மைட்டோகாண்ட்ரியா பிளவுபடும் இடத்தை எண்டோபிளாச வலைக் குழாய் ஒன்று முதலில் சுற்றிக்கொள்ளும். அதன் மேலுள்ள ஐ.என்.எஃப்.2 என்ற புரதம் அங்கே ஆக்டின் இழைகளை வளர்க்கும். மைட்டோகாண்ட்ரியாவைப் பிளக்கும் டி.ஆர்.பி.1 என்ற புரத வளையம் இறுக்குவது அதற்குப் பிறகுதான். தசையில் டெஸ்மின் என்ற இழைப் புரதமும் உண்டு. அது இல்லாத எலிகளின் இதயத்தில் மைட்டோகாண்ட்ரியா இடம் மாறிக் குவிந்து கிடக்கும், சுவாசமும் கெடும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. பழைய படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நோகோடசோலைக் கழுவிவிட்ட ஒரு தட்டில் ஒளி மெல்லத் திரும்பியிருக்கிறது. சாயம் சரியாக ஏறவில்லை என்று அதை ஒதுக்கி வைத்திருந்தேன். பாக்லிடாக்சல் தட்டுகளோடு அதையும் மறுபடி செய்கிறேன்.