அசிஸ்டட் புல்-அப்: ‘உதவி’யும் வேண்டாம், ‘துணை’யும் வேண்டாம், ‘தாங்கல்’ போதும்

அனைவருக்கும் வணக்கம்.

உடற்பயிற்சிக்கூடத்தில் ஒட்டும் தமிழ்க் குறிப்பில் ‘அசிஸ்டட் புல்-அப்’ (எந்திரமோ ரப்பர் பட்டையோ இன்னொருவரோ உடல் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்க, கம்பியில் தொங்கி உடம்பை மேலே ஏற்றும் பயிற்சி) என்பதற்கு என்ன எழுதலாம் என்ற கேள்விக்கு ‘உதவி மேலிழுப்பு’, ‘துணை மேலிழுப்பு’ என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை.

முதலில் ‘இழுப்பு’. “பிள்ளைக்கு இழுப்பு வந்துடுச்சு” என்று யாராவது சொன்னால் வலிப்பையோ மூச்சிரைப்பையோதான் நினைப்போம். இதே சொல் நாளை இயன்முறை மருத்துவக் குறிப்புகளுக்கும் போகும். அங்கே ‘இழுப்பு’ என்று எழுதினால் நோயாளி பயந்துவிடுவார். கம்பியில் தொங்குகிறோம், உடம்பை மேலே ஏற்றுகிறோம். அதனால் ‘தொங்கேற்றம்’ என்பது என் பரிந்துரை. இறங்கும் பாதிக்கும் ‘தொங்கிறக்கம்’ என்று தானாகவே பெயர் கிடைத்துவிடுகிறது. அது தனியாகவே ஒரு பயிற்சி என்பதால் பெயர் அவசியம். ஒரு பெட்டி மேல் ஏறி, மோவாய் கம்பிக்கு மேலே இருக்கும் நிலையில் தொடங்கி, மெதுவாகக் கீழே இறங்குவது. தசை சுருங்கும்போது தூக்க முடிகிற பாரத்தைவிட, நீளும்போது தாங்க முடிகிற பாரம் அதிகம். அதனால் ஒருமுறைகூட ஏற முடியாதவரால் இறங்க முடியும். மறுநாள் வலி கூடுதலாக இருக்கும், ஆகவே முதல் வாரங்களில் கொஞ்சமாகச் செய்தால் போதும்.

பேச்சில் ‘பார் எடுக்கிறது’ என்பது இருக்கட்டும். குறிப்பின் உள்ளே அதையும் எழுதலாம். தலைப்புக்கும் அகராதிக்கும்தான் ‘தொங்கேற்றம்’.

அடுத்தது ‘அசிஸ்டட்’. உதவி ஆசிரியர், உதவிப் பொறியாளர் என்று பழகிய காதுக்கு ‘உதவித் தொங்கேற்றம்’ ஏதோ ஒரு படி கீழான பயிற்சி போலக் கேட்கும். ‘துணை’க்கு வேறு சிக்கல். முதன்மைப் பயிற்சிக்குப் பக்கபலமாகச் செய்பவற்றை, உதாரணமாகக் கைத்தசைக்கென்று தனியாக டம்பெல் தூக்குவதை, ‘துணைப்பயிற்சி’ என்று சொல்வதே பொருத்தம். அந்தச் சொல்லை இங்கே செலவழிக்கக் கூடாது.

நம்மிடம் ஏற்கெனவே ‘கைத்தாங்கல்’ இருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்தவரைக் கைத்தாங்கலாக நடக்க வைக்கிறோம். நடப்பது அவர்தான், பாரத்தில் ஒரு பங்கை மட்டும் இன்னொருவர் ஏற்கிறார். அசிஸ்டட் என்பதன் முழுப் பொருளும் இதில் அடங்கிவிடுகிறது. ஆகவே ‘தாங்கல் தொங்கேற்றம்’. எது தாங்குகிறது என்பதை முன்னால் சேர்த்தால் வகைகளும் பிரிந்துவிடும்: எந்திரத் தாங்கல், பட்டைத் தாங்கல், ஆள் பிடித்தால் கைத்தாங்கல்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் எந்திரம். கூடத்தில் மற்ற எந்திரங்களில் எடையைக் கூட்டினால் வேலை கடினமாகும். இதில் மட்டும் தலைகீழ்: நாம் முழங்காலை ஊன்றும் மெத்தையை எடைத்தட்டுகள் மேலே தள்ளுவதால், எடையைக் கூட்டினால் சுலபமாகும். எழுபது கிலோ உள்ளவர் எடைத்தட்டுகளில் 30 கிலோவுக்கான துளையில் ஊசியைச் செருகினால் ஏறக்குறைய 40 கிலோவை அவர் தூக்குகிறார். “முதலில் குறைந்த எடையில் தொடங்குக” என்று எல்லா எந்திரத்துக்கும் எழுதுவது போல இதற்கும் எழுதிவிட்டால், புதிதாக வந்தவர் 5 கிலோ வைத்து ஏறி, மெத்தை சட்டென்று கீழே போக, தோளில் வெடுக்கென்று இழுபடுவார். அந்த எடைக்கு ‘தாங்கெடை’ என்று தனிப்பெயர் கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது. “தாங்கெடையை அதிகமாக வைத்துத் தொடங்குக, பலம் கூடக் கூடக் குறைக்கவும்.” படிப்பவருக்கு விளக்கமே தேவைப்படாது.

இறங்கும் விதத்தையும் எழுத வேண்டும். முழங்கால் மெத்தையிலிருந்து இரண்டு காலையும் ஒரே நேரத்தில் எடுத்தால் மெத்தை வேகமாக மேலே வந்து அடிக்கும், எடைத்தட்டுகள் தடாலென்று விழும். கைப்பிடியை விடாமல் ஒரு காலை நிலையான படியில் வைத்து, அப்புறம் அடுத்த காலை எடுக்க வேண்டும்.

கம்பியில் மாட்டிக் காலை நுழைக்கும் ரப்பர் பட்டையில் தாங்கல் ஒரே சீராக இருக்காது. கீழே தொங்கும்போது ரப்பர் அதிகம் இழுபட்டிருப்பதால் நிறையத் தாங்கும், மேலே போகப் போகக் குறையும். மோவாய் கம்பியை நெருங்கும் இடத்தில் பலரும் திணறுவது இதனால்தான். பயிற்சிக்கு முன் வெடிப்போ கீறலோ இருக்கிறதா என்று பட்டை முழுவதையும் தடவிப் பார்க்க வேண்டும். இழுபட்ட பட்டை காலிலிருந்து நழுவினால் நேராக முகத்துக்கு வரும், கண் போகலாம். பெட்டி மேல் நின்று காலை நுழைக்க வேண்டும், எடுக்கும்போதும் ஒரு கால் பெட்டியில் ஊன்றிய பிறகே.

கைத்தாங்கலுக்கு ஒரு வரி போதும்: முதுகின் மேல்பகுதியையோ இடுப்பின் இரு பக்கத்தையோ பிடிக்கட்டும். கணுக்காலைப் பிடிப்பது பரவலான வழக்கம்தான், ஆனால் கை நழுவும்போது தொங்குபவரால் காலை ஊன்றி இறங்க முடியாது. அதை எழுத வேண்டாம் என்பது என் கருத்து.

மூன்று வகைக்கும் பொதுவாக: பெருவிரல் கம்பியைச் சுற்றியிருக்க வேண்டும். முதலில் தோள்பட்டைகளைக் காதை விட்டுக் கீழே இறக்கி, அப்புறம்தான் முழங்கையை மடக்க வேண்டும். ஏறும்போது மூச்சை விட வேண்டும். காலை உதறி ஆடக் கூடாது. தோளின் முன்பக்கம் குத்தினாலோ கை மரத்துப்போனாலோ அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். இராணுவத்தின் அக்னிவீர் உடல்தகுதித் தேர்வில் 10 பார் எடுத்தால் முழு 40 மதிப்பெண். அதற்காக மைதானங்களில் பயிற்றுநர் இல்லாமல் உதறி உதறி ஏறும் பையன்கள் கையில் இந்தக் குறிப்பு போய்ச் சேர வேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறேன்.

‘ஸ்பாட்டர்’ என்பதற்கும் ‘தாங்குபவர்’ என்றே போடலாம் என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். அங்கே மட்டும் மாறுபடுகிறேன். ஸ்பாட்டர் பாரத்தை ஏற்பதில்லை. பக்கத்தில் நின்று, முடியாமல் போனால் மட்டும் கை கொடுக்கிறார். ‘காப்பாளர்’ என்றால் விடுதி நினைவு வருகிறது. ‘உடன்நிற்பவர்’ என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. கூடங்களில் பயிற்சி தருபவர்கள் இங்கே இருந்தால், உங்கள் மாணவர்கள் “மாஸ்டர், சப்போர்ட் குடுங்க” என்பதற்குப் பதிலாகத் தமிழில் ஏதாவது சொல்கிறார்களா என்று எழுதுங்கள். இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.